இடது பக்கம் தொட்டி

பல் டாக்டர் தன் காரை ஓரமாக எடுத்து நிறுத்தப் போயிருந்த நேரம் பார்த்து, அவரைப் படகு மன்றத்தின் தூய கடல் செயலாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ பிறந்தநாள் போலிருக்கிறது என்று அவரும் சேர்ந்து தட்டினார்.

“டாக்டர், சுத்தம்னா என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி இங்க யாருக்குத் தெரியும்? நாள் முழுக்க ஊர் அழுக்கைத்தானே சுரண்டுறீங்க” என்றார் மன்றத் தலைவர். அது பாராட்டுதான் என்று புரிய டாக்டருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தப் படகு மன்றம் என்பது கடலுக்குள் நீளும் ஒரு மரப் பாலம். அதன் இரு பக்கமும் வரிசையாகக் கட்டிப் போட்ட உல்லாசப் படகுகள். பாலம் தொடங்கும் இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கூடம். தலைவரை எல்லோரும் அட்மிரல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தக் கடற்படையிலும் இருந்தவர் இல்லை. ஆயுள் முழுக்கக் குளியலறை டைல்ஸ் விற்றவர். ஆனால் நங்கூரம் பொறித்த வெள்ளைத் தொப்பியைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கித் தொடுவானத்தைப் பார்ப்பார் பாருங்கள், அந்த நேரத்தில் அவரிடம் போய் டைல்ஸ் விலை கேட்க யாருக்கும் மனம் வராது.

தொடுவானத்தில் அவருக்கு அந்த வருஷம் ஒரு உறுத்தல் இருந்தது. எதிர்க்கரை மன்றத்தின் கம்பத்தில் ஒரு பச்சைக் கொடி பறந்தது. கடலைச் சுத்தமாக வைத்திருக்கும் படகு மன்றங்களுக்குக் கரையோர வாரியம் கொடுக்கும் கொடி அது. எண்ணெய் சொட்டக் கூடாது, சோப்புத் தண்ணீரைக் கடலில் கொட்டக் கூடாது, குப்பையைக் கரைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று விதிகள் நிறைய. எல்லாவற்றிலும் முக்கியமானது படகுக் கழிவறை. அதன் குழாயில் ஒரு வால்வு உண்டு. கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் கழிவு படகுக்குள்ளேயே இருக்கும் தொட்டிக்குப் போகும். மறுபக்கம் திருப்பினால் நேராகக் கடலுக்கு. கடல் பக்கம் திருப்புவது, கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போன பிறகுதான். அவ்வளவு தூரம் அந்த மன்றத்துப் படகுகள் எதுவும் போனதில்லை. பெரும்பாலானவை கட்டின இடத்திலேயே இருந்து தேநீர் குடிக்கப் பயன்பட்டன.

பல் டாக்டர் கையில் மைக்கைக் கொடுத்தது தவறு. எதிரில் இருப்பவர் பதில் பேச முடியாத நிலையில் பேசியே பழகிய தொழில் அது. பதவி கிடைத்த சூட்டில் அவர் வெகுநேரம் பேசினார். தன் மருத்துவமனையில் ஒரு சிவப்பு மாத்திரை இருப்பதாகவும், அதை மென்று கொப்பளித்தால் சரியாகத் துலக்காத இடமெல்லாம் செக்கச்செவேலென்று தெரியும் என்றும் சொன்னார். “‘நல்லாத்தான் தேய்ச்சேன் டாக்டர்’னு அடிச்சுச் சொல்வாங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன். கண்ணாடியைக் காட்டுவேன். அவ்வளவுதான்.” படகுகளுக்கும் அப்படி ஒரு மாத்திரை உண்டு, பச்சை நிறம், வாரியமே தருகிறது. கழிவறையில் போட்டு, கழிவைத் தள்ளும் கைப்பம்ப்பை அடித்தால், தொட்டிக்குப் போகிற படகில் ஒன்றும் தெரியாது. கடலுக்குப் போகிற படகைச் சுற்றிப் பச்சையாகப் படரும். வரும் ஞாயிறு காலை ஆய்வாளர் வருகிறார். அவர் கண் முன்னால் எல்லாப் படகிலும் மாத்திரை போட்டுக் காட்டுவோம்.

“தண்ணி பொய் சொல்லாது!” என்று முடித்தார். கூடம் அதிர்ந்தது. அட்மிரல் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். அது அவர் கொடுக்கும் மிக உயர்ந்த மரியாதை.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி கேட்டாள்.

“நல்லாத்தான் பேசினீங்க. நம்ம படகுல அது தொட்டிக்குத்தானே போகுது?”

“பின்ன? செயலாளர் படகும்மா அது.”

“இல்ல, வாராவாரம் நான் அதைச் சுத்தித்தானே நீந்துறேன். அதான் கேட்டேன்.”

டாக்டர் சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இடுப்பு வலிக்கு நீச்சல் நல்லது என்று யாரோ சொல்லி, படகு வாங்கிய நாளிலிருந்து அவள் ஞாயிறு தவறாமல் மஞ்சள் ரப்பர் தொப்பியை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கிவிடுவாள். படகைச் சுற்றிச் சுற்றி வருவாள். களைத்தால் மல்லாந்து மிதப்பாள். உற்சாகம் வந்துவிட்டால் வாய் நிறையத் தண்ணீரை எடுத்து மேலே பீச்சியடிப்பாள். டாக்டர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நிம்மதியாகக் கழிவறைக்குள் போவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

அவர் மறுநாள் நோயாளிகளை அனுப்பிவிட்டு முதல் வேலையாகப் படகுக்குப் போனார்.

கழிவறை, ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டிய அளவு. படகை விற்றவர், விற்ற அன்றைக்கு அதற்குள் டாக்டரோடு நெருக்கிக்கொண்டு நின்று, “இடது பக்கம் தொட்டி, வலது பக்கம் கடல். மறந்துடாதீங்க டாக்டர்” என்று சொன்னது நன்றாக நினைவிருந்தது. மறக்கவே இல்லை. இந்த ரெண்டு வருஷமும் கைப்பிடி இடது பக்கம்தான் இருக்கிறது. டாக்டருக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த கையோடு இன்னொன்றும் நினைவு வந்தது. அன்றைக்கு இவர் கழிவறைப் பீங்கானைப் பார்த்து நின்றார். விற்றவர் இவரைப் பார்த்து, அதாவது கதவைப் பார்த்து நின்றார். அப்படியானால் இடது என்பது யாருடைய இடது?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வால்வை உற்றுப் பார்த்தார். கைப்பிடிக்கு இரண்டு முனை இருந்தது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளமானது இடது பக்கம் இருந்தால் குட்டையானது வலது பக்கம் இருந்தது. இதில் எது கைப்பிடி, எது வெறும் வால்? விற்றவரைக் கேட்கலாம் என்றால் அவர் படகோடு சேர்த்து வீட்டையும் விற்றுவிட்டு வேறெங்கோ போய்விட்டார். தொட்டியின் அளவுமானியைப் பார்த்தார். முள் பாதியில் நின்றது. வாங்கிய அன்றும் பாதியில்தான் நின்றது. ரெண்டு வருஷமாக ஏன் தொட்டி நிரம்பவில்லை என்று அவர் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. நம் குடும்பம் எல்லாவற்றிலும் கச்சிதம் என்று மட்டும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தார்.

யாரிடமாவது கேட்கலாம். ஆனால் தண்ணீர் பொய் சொல்லாது என்று மைக்கில் முழங்கியவர் போய், எந்தப் பக்கம் தொட்டி என்று எப்படிக் கேட்பது? பக்கத்துப் படகு வக்கீலிடம் பேச்சுவாக்கில் விட்டார்.

“ஒரு பேஷன்ட் கேட்டார் சார். அவரும் படகு வெச்சிருக்கார். இந்த டாய்லெட் வால்வு... தொட்டிக்குப் பொதுவா எந்தப் பக்கம்?”

“வலது” என்றார் வக்கீல், யோசிக்காமல். “இதெல்லாம் ஒரு கேள்வியா டாக்டர்?”

“எந்தப் பக்கம் பார்த்து நின்னா வலது?”

வக்கீல் வாயைத் திறந்தார். மூடினார். “சூழ்நிலையைப் பொறுத்தது” என்று சொல்லிவிட்டு, ஒரு வழக்கு நினைவுக்கு வந்ததாகக் கிளம்பிப் போனார்.

அட்மிரலிடமும் கேட்டுப் பார்த்தார். அவர் கண்ணைச் சுருக்கினார். “டாக்டர், கடல்ல இடது வலதுன்னு பேசக் கூடாது. அதுக்குத் தனிப் பேர் இருக்கு.”

“சரி தலைவரே, அந்தப் பேர்ல எந்தப் பக்கம்?”

“உங்க பேஷன்ட்டை என்கிட்ட அனுப்புங்க, நான் விளக்கமா சொல்றேன்” என்றார் அட்மிரல். இல்லாத நோயாளியை டாக்டர் எங்கிருந்து அனுப்புவார்?

வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு பச்சை மாத்திரை கொடுத்தார்கள். “ஞாயித்துக்கிழமை ஆய்வாளர் முன்னாலதான் போடணும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது” என்று டாக்டர் எச்சரித்தார். எல்லோரும் பயபக்தியோடு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். டாக்டரும் வைத்துக்கொண்டார். வைக்கும்போதே முடிவு செய்துவிட்டார்: சனிக்கிழமை மத்தியானம் யாரும் வர மாட்டார்கள். ஒரே ஒரு தடவை, தனியாகப் போட்டுப் பார்த்துவிடுவது. பச்சை வந்தால் கைப்பிடியை மாற்றி வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். அவளுக்கு ஏன் தெரிய வேண்டும்? தெரிந்து என்ன ஆகப்போகிறது? விழுங்கினது விழுங்கினதுதானே.

சனிக்கிழமை, மருத்துவமனையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவள் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.

பாலத்தில் கால் வைத்தவர் திகைத்துப் போனார். ஒவ்வொரு படகிலும் ஒரு ஆள் இருந்தார்.

“என்ன சார், இந்த வெயில்ல?” என்றார் வக்கீலிடம்.

“சும்மா, காத்து வாங்கலாம்னு” என்றார் வக்கீல். ஓர் இலைகூட அசையவில்லை. கடலும் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி கிடந்தது. ஜவுளிக்கடைக்காரர் தன் படகின் ஜன்னல் கண்ணாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, அதையே மறுபடி துடைத்தார். அட்மிரல் மேல்தளத்தில் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஓரக்கண் பாலத்தின் மேல் இருந்தது.

“நீங்க எப்ப டாக்டர் கிளம்புவீங்க?” என்றார் மேலிருந்தபடியே.

“இதோ, இப்ப கிளம்பிடுவேன். நீங்க?”

“நீங்க கிளம்பினதும்.”

யாரும் கிளம்பவில்லை. கடைசியில் ஒவ்வொருவராக, உள்ளே ஏதோ மறந்துவிட்டவர்கள் போல நெற்றியைத் தட்டிக்கொண்டு தங்கள் தங்கள் படகுக்குள் மறைந்தார்கள். அப்பாடா என்று டாக்டரும் உள்ளே போனார். பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பீங்கான் முன்னால் நின்றார். போடுவதா வேண்டாமா? போட்டுவிட்டால் தெரிந்துவிடும். தெரியாமலிருப்பதில் ஒரு வசதி இருப்பது அப்போதுதான் அவருக்குப் பட்டது. இந்த நிமிஷம் வரைக்கும் அவர் பாதிக் குற்றவாளிதான்.

பொத்தென்று தண்ணீரில் ஏதோ விழுந்தது.

“அப்பாடா! என்ன சுகமா இருக்கு!”

மனைவியின் குரல். டாக்டர் வட்ட ஜன்னல் வழியாகப் பார்த்தார். மஞ்சள் தொப்பி மிதந்தது. அக்கா வீடு என்றாளே? நாளைக்கு ஆய்வாளர் வந்தால் நீந்த முடியாதென்று இன்றைக்கே வந்துவிட்டாளா? பம்ப்பின் மேலிருந்த கையைச் சுட்டதுபோல எடுத்துக்கொண்டார். ஆனால் சுற்றிலும் இருந்த படகுகளில் அப்படி எடுத்துக்கொள்ள யாருக்கும் காரணம் இல்லை. வலப்பக்கப் படகிலிருந்து பம்ப் சத்தம் கேட்டது. இடப்பக்கத்திலிருந்து கேட்டது. எதிர் வரிசையில் கேட்டது.

“யாராவது இருக்கீங்களா? தண்ணி ஏன் இப்படி ஆகுது?”

அவர் மேலே ஓடிவந்தபோது கடல் பச்சையாகியிருந்தது. இலைப்பச்சை, பாசிப்பச்சை என்று சொல்லிவிட முடியாத, கண் கூசும் பச்சை. நாலா பக்கமும் பூத்து, ஒன்றோடொன்று கலந்து, அலையே இல்லாததால் நகர இடமின்றி அங்கேயே படர்ந்து நின்றது. அதன் நடுவில் அவள் கழுத்தளவில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாப் படகின் மேல்தளத்திலும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

“ஐயோ, உங்க படகுலேர்ந்து வருது சார்!”

“என் படகா? அங்க பாருங்க, ஜவுளிக்கடைக்காரர் படகு!”

“யோவ், நான் ஜன்னல் துடைச்சிட்டிருந்தேன்யா!”

ஒருவரையொருவர் விரல் நீட்டிக் குற்றம் சாட்டினார்கள். நீட்டிய விரல் எல்லாம் பச்சை. வியர்த்த கையில் மாத்திரையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தயங்கியது டாக்டர் மட்டுமில்லை. அதை முதலில் கவனித்தவர் வக்கீல்; கவனித்ததும் கையை மெல்லப் பின்னால் கட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் மன்றமே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது.

அட்மிரல் தொண்டையைச் செருமினார். “யாரும் பதற வேண்டாம். நான் விசாரிச்சுட்டேன். செயலாளர்கிட்ட இருந்த மாத்திரை டப்பா கை தவறிக் கடல்ல விழுந்துடுச்சு. நடக்கறதுதான். இல்லையா டாக்டர்?”

எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். அருமையான பொய்; யாருக்கும் வலிக்காது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் வாயைத் திறந்தார்.

“என்னங்க” என்றாள் மனைவி தண்ணீரிலிருந்து. அவளுடைய மஞ்சள் தொப்பியிலிருந்து பச்சையாகச் சொட்டியது. “டப்பா விழுந்தா ஒரு இடத்துலதானே கலங்கணும்? இது சுத்திலேர்ந்தும் வருது. நம்ம படகுலேர்ந்தும் வருதா?”

“தெரியல” என்றார் டாக்டர்.

“தெரியலன்னா?”

“எந்தப் பக்கம் வெச்சா தொட்டி, எந்தப் பக்கம் வெச்சா கடல்னு எனக்குத் தெரியாதும்மா. இடதுன்னு சொன்னாரு. யாரோட இடதுன்னு கேட்டுக்கல.”

மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பாலத்தில் யாரும் தெரியாது என்று சொன்னதில்லை. ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

“அப்ப போய் அடிங்க. நான் இங்கேயே நின்னு பார்க்கிறேன்.”

“வேண்டாம்மா, மேல வா.”

“ரெண்டு வருஷம் இருந்துட்டேன், இன்னும் ரெண்டு நிமிஷத்துல என்ன ஆயிடப்போகுது? போங்க.”

டாக்டர் போனார். போனவர் நின்றார். பச்சைத் தண்ணீருக்குள் பச்சை வந்தால் எப்படித் தெரியும்? அதை அவளிடம் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறார் என்பாள். அப்போதுதான் அவருக்குத் தன் தொழில் நினைவு வந்தது. காருக்கு ஓடிப்போய்க் கைப்பையைக் கொட்டித் தேடி, சிவப்பு மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு ஊரே வாய் கொப்பளிக்கப் போதுமான மாத்திரைகளை நொறுக்கிப் பீங்கானில் போட்டார். குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கரைத்தார். கைப்பிடி பழைய இடத்திலேயே, அவருடைய இடது பக்கத்திலேயே இருந்தது. பம்ப்பை அடித்தார்.

“என்ன தெரியுது?” என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்.

“ஏம்மா?”

“வருதுங்க” என்றாள் அவள், மிகவும் சாதாரணமான குரலில். “செவப்பா. என் முழங்காலுக்குப் பக்கத்துல.”

கைப்பிடியை மறுபக்கம் திருப்பிவிட்டு, மறுபடி கரைத்து, மறுபடி அடித்தார். இப்போது வரவில்லை என்றாள். இன்னொரு தடவை அடித்தார். வரவில்லை. அளவுமானியின் முள் வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக லேசாக நடுங்கியது.

அவள் ஏணியைப் பிடித்து மேலே வந்தாள். அவர் துண்டை நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“அன்னிக்கு கார்ல கேட்டேனே. அப்பவே தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“அப்ப தெரியாதுன்னே எனக்குத் தெரியாதும்மா.”

“மறுநாள்?”

டாக்டர் நீட்டிய துண்டை இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தார். அவள் துண்டை வாங்கி முதலில் வாயைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

பாலத்தில் யாரோ இருமினார்கள். அட்மிரல், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “டாக்டர், அந்தச் செவப்பு மாத்திரை இன்னும் கொஞ்சம் இருக்குமா? எனக்கில்ல. ஒரு பேஷன்ட் கேட்டார்.”

“உங்களுக்கு ஏது பேஷன்ட்? நீங்க டைல்ஸ் கடைக்காரர்தானே?” என்றாள் டாக்டரின் மனைவி. அட்மிரல் கையிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வக்கீலும் ஜவுளிக்கடைக்காரரும் மற்றவர்களும் வரிசையாகக் கை நீட்டி நின்றார்கள். “எல்லாருக்கும் தருவார். ஆனா எந்த ஓட்டையிலேர்ந்து வருதுன்னு மேல நின்னா தெரியாது. தண்ணில நின்னாதான் தெரியும். எறங்குங்க. அவங்கவங்க படகுக்கு அவங்கவங்க.”

“நானா? எனக்கு நீச்சல்...” என்றார் அட்மிரல்.

“ஏணியைப் பிடிச்சுக்குங்க.”

அன்று சாயங்காலம் அந்த வழியாகப் போனவர்கள் கண்ட காட்சி இது: பச்சைக் கடலில், ஒவ்வொரு படகின் ஏணியையும் கட்டிப் பிடித்தபடி கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு பெரிய மனிதர். அட்மிரலின் தொப்பி சற்றுத் தள்ளி மிதந்துகொண்டிருந்தது. “வருதா?” என்று ஒவ்வொரு படகிலும் டாக்டரின் குரல் போய்க் கேட்டது. “வருது” என்று கம்மிய குரலில் பதில் வந்தது. ஜவுளிக்கடைக்காரர் படகில் மட்டும் வரவில்லை. அவருக்கும் ஏன் என்று தெரியவில்லை. சந்தோஷப்படுவதா, கூட்டத்தோடு சேர்ந்து வருத்தப்படுவதா என்று விளங்காமல் ஏணியிலேயே தொங்கினார்.

இரவோடு இரவாக வந்த அலை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஞாயிறு காலை ஆய்வாளர், தான் கொண்டுவந்த மாத்திரையைப் படகு படகாகப் போட்டுப் பார்த்தார். எங்கும் ஒரு துளிப் பச்சை இல்லை. “இவ்வளவு ஒழுங்கான மன்றத்தை நான் பார்த்ததே இல்லை” என்று எல்லோருக்கும் கை கொடுத்தார். உள்ளங்கைகளை மட்டும் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தார். கொடி ஏறியது. சுருங்கிப்போன தொப்பியோடு அட்மிரல் அதற்கு வணக்கம் வைத்தார். பொறுப்பும் பாரம்பரியமும் பற்றி நீளமாகப் பேசினார். டாக்டரைப் பேசச் சொல்லவில்லை.

டாக்டர் படகில் இப்போது வால்வுக் கைப்பிடியின் ஒரு முனையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி இருக்கிறது. அவள் வைத்தது. ஒரு புதுச் சட்டமும் இருக்கிறது. அதுவும் அவள் வைத்தது. ஞாயிறு தோறும் முதலில் கடலில் இறங்கிப் படகைச் சுற்றி வர வேண்டியது டாக்டர். அவள் மேல்தளத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பாள். ஆயுள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொன்னவர், உதட்டை ஒட்டவைத்ததுபோல் மூடிக்கொண்டு, மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு சுற்றி வருவார். வந்து முடித்த பிறகுதான் மஞ்சள் தொப்பி வெளியே வரும்.

போன ஞாயிறும் அப்படித்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கப் போனவர், எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாமென்று கழிவறைக்குள் எட்டிப் பார்த்தார். சிவப்புப் புள்ளி இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏம்மா” என்றார் உள்ளிருந்து. “புள்ளி தொட்டியைப் பார்த்து இருக்கணுமா, இல்ல புள்ளி இல்லாத முனை தொட்டியைப் பார்த்து இருக்கணுமா?”

அவள் செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் இப்ப உள்ளதான் போறேன். நீங்க எறங்குங்க, தெரிஞ்சுடும்.”